உம்மா ஏறாத கார்

என்னுடைய தங்கச்சி திகனயில் இருக்கிறாள். நான் அலவத்துகொடயில் இருக்கிறேன். உம்மா என்னோடு இருக்கிறார். உம்மாவுக்குச் சீனி வருத்தம், மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கண்டி ஆஸ்பத்திரியில் கிளினிக். அந்தச் செவ்வாய்க்கிழமை விடியும்போதே தங்கச்சி திகனயிலிருந்து புறப்படுவாள். கண்டிக்கு வந்து, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை என்று மாத்தளை ரோட்டில் ஏறி, எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, உம்மாவை ஏற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பவும் கண்டிக்குப் போவாள். கிளினிக் முடிந்ததும் மறுபடி கொண்டுவந்து விட்டுவிட்டு, மறுபடி கண்டியைக் கடந்து திகனக்குப் போவாள். அந்த நேரம் முழுக்க என்னுடைய கார் எங்கள் போர்ட்டிக்கோவில் சும்மா நிற்கும்.

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று ஒரு பேச்சு உண்டு. என் தங்கச்சி அதை மாதாமாதம் செய்து காட்டினாள், ஊர் பார்த்தது. எதிர்வீட்டு மாமி ஒருநாள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஒங்கட வாகனம் பழுதா மகள்?" என்று கேட்டார். பழுதில்லை என்றேன். "அப்ப?" என்றார். அந்த "அப்ப"வுக்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்லத்தான் வாய் வரவில்லை. என் கார் நாறுகிறது, அதனால் என்னைப் பெற்றவர் அதில் ஏற மாட்டார். இதுதான் பதில்.

நாற்றம் எப்போதும் வராது. யன்னலைத் திறந்துகொண்டு ஓடினால் ஒன்றுமில்லை. ஏசியைப் போட்டதும், காற்று வரும் அந்த நான்கு வாய்களிலிருந்தும் முதல் வருவது குளிர் அல்ல, நாற்றம். மழைக்காலத்தில் ஈரம் காயாத பள்ளிக்கூடச் சப்பாத்தை ஒரு பிள்ளை கழற்றினால் வகுப்பில் ஒரு மணம் பரவுமே, அதேதான். நான் இருபது வருடமாக ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன், அந்த மணத்தில் எனக்குப் பழக்கம் உண்டு. சில நிமிடத்தில் மூக்குக்குப் பழகிவிடும் என்று நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

உம்மாவின் மூக்கு பழகவில்லை. கிளினிக்குக்கு வெறும் வயிற்றில் போக வேண்டும், இரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிற்றில் அந்தக் காற்றை வாங்கிக்கொண்டு வந்தவர், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் இறுகி நின்ற நேரத்தில் என் கைப்பையைப் பறித்து அதற்குள் சத்தி எடுத்தார். யன்னலைத் திறந்துவிட்டால் லொறிப் புகை. புகையில் இன்னொரு தடவை. அடுத்த மாதம் கிளினிக்குக்கு இரண்டு நாள் இருக்கும்போது, சோற்றைப் பிசைந்துகொண்டே உம்மா சொன்னார்: "மகள், தங்கச்சிக்கு ஒரு கோல் எடுத்துத் தா. எனக்கு ஒண்ட வாகனத்துல ஏலாது."

நானே டயல் செய்து கொடுத்தேன். இதைவிட ஒரு கேவலம் வேண்டுமா.

பொறாமை என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. பொறாமை நன்மைகளைத் தின்றுவிடும் என்று சின்ன வயதில் மதரஸாவில் படித்ததுதான். என்னுடையதில் மிச்சம் ஏதும் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. உம்மாவின் உடுப்பு கழுவுகிறவள் நான். மருந்தைப் பிரித்துக் காலை, பகல், இரவு என்று சின்னப் போத்தல்களில் போட்டு வைக்கிறவள் நான். கால் விரலிடுக்கில் புண் வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் குனிந்து பார்க்கிறவள் நான். பாகற்காயும் குரக்கன் ரொட்டியும் கொடுத்து, சீனிப் போத்தலை அலுமாரியில் பூட்டி வைத்துப் பொல்லாதவள் என்று பெயர் எடுத்தவளும் நான்தான். அவள் மாதத்தில் ஒரு காலை வந்து ஏற்றிப் போவாள். சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்தில் உம்மா யாரிடம் பேசினாலும், "சின்னவள் திகனயில இருந்து வந்து கூட்டிட்டுப் போறாள், பாவம்" என்பார். பெரியவளைப் பற்றிய பேச்சு வந்தால், "அவளோட தான் ஈக்கிறன்" என்பதோடு முடியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் நான் குசினி யன்னலால் பார்ப்பேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிக்கொண்டிருக்கும், இருந்தும் நிற்பேன். தங்கச்சி இறங்கி வந்து முன்கதவைத் திறப்பாள். உம்மா உட்கார்ந்ததும் அவர் மேலாகக் குனிந்து பெல்டை இழுத்து மாட்டிவிடுவாள். மாட்டிவிட்டு, உம்மாவின் முந்தானை கதவில் அகப்படாமல் மடியில் எடுத்து வைப்பாள். முன்பு அதைச் செய்தவள் நான். அவள் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டதும் கையிலிருக்கும் தேத்தண்ணீரைக் கொட்டிவிடுவேன்.

பகல் திரும்பி வரும்போது உம்மாவின் முகம் விரிந்திருக்கும். அதற்கும் காரணம் கண்டுபிடித்தேன். உம்மாவின் கைப்பையில் மருந்துச் சீட்டைத் தேடும்போது, மடித்து வைத்த கடதாசித் துவாலை ஒன்று கிடைத்தது, அதில் பட்டர் கேக் துணுக்கு. இன்னொரு மாதம் உம்மாவின் முந்தானையில் ரோஸ் நிறத்தில் ஒரு சொட்டு, கடையில் குடித்த பாலூதா. நான் பூட்டி வைப்பேன், அவள் ஊட்டிவிடுவாள். பிறகு யாருடைய வாகனம் மணக்கும்?

அவளுடைய வாகனத்துக்குள் நான் ஒரே ஒரு தடவை ஏறியிருக்கிறேன். ஊத் அத்தர் வாசம் லேசாக வரும், அவ்வளவுதான், தலையைப் பிடிக்காது. உம்மா அதை முகர்ந்துவிட்டு, "ஹரத்துல ஈக்கிற மாதிரி ஈக்குது" என்றார். உம்றாவுக்குப் போய் வந்தவர் உம்மா. கண்டி ரோட்டில் ஓடும் காரில் என் தங்கச்சி அவருக்கு மக்காவைக் காட்டிவிட்டாள். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அவள் கெட்டவள் என்று சொல்ல வரவில்லை. அதுதான் இதில் இருக்கிற பெரிய தொல்லை. ஒருநாள் போனில் மெதுவாகச் சொன்னாள்: "ராத்தா, ஏசிக்கு உள்ளுக்கு ஃபில்டர் ஒண்டு ஈக்குது. அத மாத்தினா சரியாப் போகும். எங்கடயும் முந்தி மணந்திச்சி. கட்டுகஸ்தோட்டயில எங்கட பாஸ்கிட்ட ஒருக்கா காட்டுங்களே."

அவள் சொன்னது சரியான வைத்தியம் என்று இப்போது தெரியும். அன்றைக்கு என் காதில் விழுந்தது "எங்கட பாஸ்" என்பது மட்டும்தான். மெக்கானிக்கில்கூட அவளிடம் ஒரு ஆள் இருக்கிறார். "பாப்பம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவள் காட்டிய கராஜின் வாசலைக்கூட மிதிப்பதில்லை என்று அந்த நிமிடமே முடிவெடுத்தேன்.

பிறகு நானே வைத்தியம் தொடங்கினேன். தேசிக்காயைப் பாதியாக வெட்டி ஆசனத்துக்கு அடியில் வைத்தேன். கோப்பித் தூளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டேன். அப்பச்சோடாவைக் கால் மிதிக்கும் விரிப்பில் தூவி, துடைக்க மறந்து, பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைப் பாதங்களோடு போய் இறங்கினேன். சிரட்டைக் கரி, கராம்பு, ரம்பை இலை எல்லாம் வந்தன. ரம்பை இலையைக் கட்டுக் கட்டாகப் போட்ட அன்று அக்குறணையில் பிடவைக் கடை வைத்திருக்கும் என் கணவர் ஏறி உட்கார்ந்தார். மூக்கைச் சுருக்கி, "கறி தாளிச்சாச்சி, இனி எறச்சி மட்டுந்தான் போடணும்" என்றார். ரம்பை வாடிய பிறகு பழைய சப்பாத்து மணம் ரம்பையோடு சேர்ந்து வந்தது. முன்பு இருந்ததைவிட மோசம்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. அவள் அத்தர் வைத்தால் நான் அத்தரைவிடப் பெரிதாக வைப்பேன். அலுமாரியில், உம்றாவிலிருந்து உம்மா கொண்டுவந்து எனக்கென்று தந்த ஒரு அத்தர்ப் போத்தல் திறக்காமல் இருந்தது. அதைத் திறந்து பஞ்சில் ஊற்றி, ஏசிக் காற்று வரும் நான்கு வாய்க்குள்ளும் திணித்தேன். பூஞ்சணத்தைக் கற்பூரம் கொல்லும் என்று ஸ்டாஃப் ரூமில் ஒருவர் சொல்லியிருந்தார், கட்டிக் கற்பூரம் வாங்கிப் பொடியாக்கித் துணியில் முடிந்து அதையும் திணித்தேன். கடைசியாகச் சாம்பிராணி. புகை உள்ளே வரைக்கும் போனால்தான் நாற்றத்தின் வேர் அறும் என்பது என்னுடைய சொந்த விஞ்ஞானம். சட்டியில் கரியைப் பழுக்க வைத்து, சாம்பிராணியை அள்ளிப் போட்டு, முன் ஆசனத்துக்குக் கீழே வைத்தேன். ஏசியைப் போட்டு, காற்று வெளியிலிருந்து வராமல் உள்ளேயே சுற்றும்படி பட்டனை அமத்தி, கதவுகளைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். கார் முழுக்கப் புகை நிறைந்து, யன்னலில் ஒன்றும் தெரியவில்லை. எதிர்வீட்டு மாமி மதிலுக்கு மேலால் பார்த்தார். இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. விரிப்பில் ஒரு ஓட்டை விழுந்தது, அது போகட்டும்.

மூன்று நாள் செய்தேன். மூன்றாம் நாள் சப்பாத்து மணம் இல்லை. சத்தியமாக இல்லை. அந்தச் சந்தோஷத்தில் நானே தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். "செவ்வாய்க்கெழம நீங்க வர வேணாம். நான் கூட்டிட்டுப் போறன். எண்ட வாகனம் இப்ப நல்ல மணம்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சரி ராத்தா" என்றாள். அந்தச் சத்தமில்லாத நேரத்தை நான் பாலூதாவைப் போல ருசித்தேன் என்பதை மறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். கதவைத் திறந்தேன், உம்மாவை உட்கார வைத்தேன், குனிந்து பெல்டை மாட்டினேன், முந்தானையை எடுத்து மடியில் வைத்தேன். எதிர்வீட்டு மாமி பார்க்கிறாரா என்று பார்த்தேன். பார்த்தார். ஏசியைப் போட்டுக்கொண்டு மாத்தளை ரோட்டில் இறங்கினேன்.

உம்மா பேசவில்லை. நானும் பேச்சுக் கொடுக்கவில்லை, வாசத்தை அனுபவிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அக்குறணையை நெருங்கும்போது அவருடைய உதடு அசைவது தெரிந்தது. "இன்னா லில்லாஹி" என்று ஓதிக்கொண்டிருந்தார். மரணச் செய்தி கேட்டால் ஓதுவதை ஏன் இப்போது ஓதுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"என்ன உம்மா?"

"நிப்பாட்டு மகள்," என்றார். குரலை உயர்த்தவில்லை. "இது வாகனமா, சந்தூக்கா?"

அந்த நேரம்தான் எனக்கும் அந்த மணம் தெரிந்தது. மூன்று நாளாக அந்தப் புகையோடேயே நின்று மூக்கு மரத்துப்போயிருந்தது. மையத்தைக் குளிப்பாட்டும் கடைசித் தண்ணீரில் கற்பூரம் கலப்பார்கள். கபன் துணிக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவார்கள். பிறகு அத்தர் பூசுவார்கள். எங்கள் ஊரில் எத்தனை மையத்து வீடுகளுக்கு நான் போயிருப்பேன், எத்தனை தடவை அந்தப் புகையைக் காட்டுவதற்கு என் கையாலேயே சட்டி பிடித்திருப்பேன். மூன்றையும் தேடித் தேடிச் சேர்த்து, உம்மா உட்காரும் ஆசனத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். ஒன்றை விட்டிருந்தாலும் தப்பியிருப்பேன்.

எங்கள் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. வாப்பா மௌத்தான அன்று, அவரைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்து ஆண்கள் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியதும், உம்மாவுக்கு மிச்சமாக இருந்தது அறைக்குள் நின்ற அந்த மணம்தான். அதற்குள்தான் உம்மா நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே இறங்காமல் இத்தா இருந்தார். யன்னலைத் திறக்க விடவில்லை, தானாகப் போகட்டும் என்றார். அது எனக்குத் தெரியும், அந்த வீட்டில் நான் இருந்தேன். பொறாமை தலைக்கேறினால் தெரிந்ததும் தெரியாமல் போகும்.

காரைக் கடைகளுக்கு முன்னால் ஓரமாக நிறுத்தினேன். உம்மா இறங்கி ஒரு பார்மசியின் வாசலில் போட்டிருந்த கதிரையில் உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்கு ஏசல்ல மகள். எனக்கு ஏலாமப் போச்சி" என்றார். திட்டியிருந்தால் நல்லது. நான் தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டாள், ஏன் என்று கேட்கவில்லை. அவள் வந்து சேரும் வரைக்கும் நான் என் காரின் நான்கு கதவுகளையும் திறந்து வைத்துக்கொண்டு ரோட்டோரத்தில் நின்றேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் ஒரு நிமிடம் மெதுவாகி, மூக்கை உயர்த்தி, உள்ளே யார் என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அவள் வந்தாள். உம்மாவின் பெல்டை மாட்டினாள். என் பக்கம் வந்து, என் காருக்குள் தலையை விட்டு முகர்ந்தாள். முகர்ந்ததும் முகம் மாறிவிட்டது. அவளும் வாப்பாவின் பிள்ளைதானே. சிரித்திருந்தால் ஆயுளுக்கும் வைத்துக் கோபிக்க ஒரு காரணம் கிடைத்திருக்கும். அதையும் தராமல் போனாள்.

அடுத்த சனிக்கிழமை கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன், அவளுடைய பாஸிடம். வேறு ஆளைத் தேடினேன், ஆனால் யாரைக் கேட்டாலும் அவரைத்தான் காட்டினார்கள். வயதான சிங்களவர், வெள்ளெழுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பேசுபவர். காருக்குள் ஏறி உட்கார்ந்ததும் இறங்கிவிட்டார். யாராவது இறந்துபோனார்களா மிஸ் என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை என்றேன். கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

இடது பக்கம், முன் ஆசனத்தில் இருப்பவரின் முழங்காலுக்கு நேரே கடதாசிகள் போட்டு வைக்கும் பெட்டி இருக்கிறதே, அதைக் கழற்றினார். அதற்குப் பின்னால் ஃபில்டர் இருக்கும் ஒரு சின்னத் தட்டு. அதை இழுத்தபோது உதிர்ந்தன: காய்ந்த மாவிலைகள், தென்னந்தும்பு, சாம்பிராணிப் புகையின் கறுப்பு, இவற்றோடு எலி கட்டிய ஒரு கூடு. கூட்டுக்குள் காய்ந்து தட்டையாகிப்போன ஒரு சின்ன எலி. பள்ளிக்கூடத்தில் மாமரத்துக்குக் கீழே நிறுத்துகிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தக் கூடு கடதாசியால் கட்டியது. பாஸ் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதில் என்னுடைய சிவப்பு மை, ஒரு பாதிச் சரி. பிள்ளைகள் எழுதி, என்னிடம் காணாமற்போன கட்டுரைத் தாள்கள். திரும்ப எடுத்தது நீங்கள்தானே என்று என் வகுப்புப் பிள்ளைகளை ஒரு கிழமை ஏசியிருந்தேன்.

அவர் உள்ளே நுரை மருந்து அடித்தார். ஏசித் தண்ணீர் கீழே வடியும் குழாய் அடைத்திருந்தது, அதில் காற்றடித்ததும் காரின் அடியால் கறுப்புத் தண்ணீர் கொட்டியது. தண்ணீர் வடியாமல் உள்ளே நின்றால் பூஞ்சணம் பிடிக்கும், அதன் மணம்தான் சப்பாத்து மணம் என்றார். இனி வீட்டுக்குக் கிட்ட வரும்போது ஏசியை நிறுத்திவிட்டுக் காத்தாடியை மட்டும் ஐந்து நிமிடம் ஓட விடுங்கள், உள்ளே ஈரம் காயட்டும் என்றார். அவ்வளவுதான் வைத்தியம். நான் கற்பூரத்தோடு மூன்று நாள் நின்றேன்.

புது ஃபில்டருக்கு எங்கே போவது என்று கேட்டேன். அவர் உள்ளே போய் ராக்கையில் தூசி படிந்திருந்த ஒரு பெட்டியை எடுத்து வந்தார். திகன நோனா, என் தங்கச்சிதான், மூன்று மாதத்துக்கு முன்பே வாங்கி வைத்துவிட்டுப் போனார் என்றார். ராத்தா ஒருநாள் வருவார், வரும்போது போடுங்கள், நான் வாங்கியது என்று சொல்ல வேண்டாம் என்றாராம். சொல்ல வேண்டாம் என்றதையும் சேர்த்தே அவர் சொன்னார்.

நன்றி வர வேண்டிய இடம். எனக்கு வந்தது, பார், இதிலும் முந்திவிட்டாள் என்ற எரிச்சல். என் காரின் மொடலைக் கேட்டு, என் மூக்குக்கு அளவெடுத்து, நான் கோபிப்பேன் என்பதையும் கணித்து, எனக்கு முன்னால் மூன்று மாதம் வந்து நிற்கிறாள். பெட்டியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். "போடுங்க பாஸ்" என்றேன்.

அடுத்த கிளினிக் செவ்வாய்க்கிழமைக்கும் லீவு போட்டேன். இந்தத் தடவை யாருக்கும் போன் எடுக்கவில்லை, பெருமை பேசவில்லை. விடியற்காலை உம்மா உடுத்தி, நெற்றியில் தைலம் பூசி, வெளியே வந்தார். "ஒருக்கா ஏறிப் பாருங்க உம்மா" என்று கதவைத் திறந்தேன். ஏறினார். ஏசியைப் போட்டேன். உப்புப் பார்க்கிற மாதிரி இரண்டு தடவை மெதுவாக முகர்ந்தார்.

"மணமே இல்ல," என்றார். "அல்ஹம்துலில்லாஹ்."

நான் பெல்டை இழுத்தேன். உம்மா என் கையைப் பிடித்தார். "தங்கச்சி இப்ப அக்குறணைக்கு வந்திருப்பாள்," என்றார். முதல் நாளே அவரே போன் எடுத்துச் சொல்லியிருக்கிறார். இப்போது டயல் செய்யவும் பழகிவிட்டார்.

"மணம் போய்ட்டு தானே உம்மா."

"போய்ட்டு மகள்."

"அப்ப ஏன் அவள்?"

உம்மா முன் கண்ணாடியால் வாசலைப் பார்த்தார். "ஒன்னோட நான் மாசம் பூரா ஈக்கிறன். அவளோட எனக்கு ஈக்கிறது இந்த ஒரு காலம தான். அவள்ட ஊட்டுக்குப் போனா மாப்பிள ஈக்கிறார், பிள்ளைகள் ஈக்கிறாங்க, ஒண்டும் கதைக்க ஏலாது. வாகனத்துல தான் அவள் எனக்கிட்ட கதைக்கிறாள்."

"என்னத்தக் கதைக்கிறாள்?"

"அது அவளும் நானும் கதைக்கிறது."

இருபது வருடம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டுக் கேட்டுப் பழகியவள் நான். "அப்ப மணம் எண்டு சொன்னது பொய்யா?" என்றேன்.

"மணம் ஈந்திச்சி. பொய் சொல்லல்ல," என்றார். "ஆனா அதச் சாக்காச் சொல்ல எனக்கு லேசாப் போச்சி. இல்லாட்டி ஒனக்கு என்னத்தச் சொல்ற மகள்?"

தங்கச்சியின் வாகனம் வாசலில் வந்து நின்றது. அவள் இறங்கி, என் காரின் முன் ஆசனத்தில் உம்மா இருப்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய முகத்தில் நான் பார்த்தது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. ஒவ்வொரு கிளினிக் செவ்வாயும் குசினி யன்னல் கண்ணாடியில் நான் பார்ப்பது. உம்மா இறங்கி அவளிடம் நடந்ததும் அது போய்விட்டது.

"ராத்தா, நீங்களும் வாங்களே. லீவு தானே," என்றாள்.

சமையல் இருக்கிறது என்றேன். உம்மா ஏறினார். அவள் குனிந்து பெல்டை மாட்டினாள். கதவைச் சாத்துவதற்கு முன்னால் உம்மா தலையை நீட்டி, "பகலுக்குப் பாகக்காயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "தேங்காப்பால் கொஞ்சம் விடு," என்றார். போய்விட்டார்கள்.

நான் திரும்ப வந்து என் காரில் உட்கார்ந்தேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பாஸ் சொன்னபடி அதை நிறுத்திவிட்டுக் காத்தாடியை மட்டும் ஓட விட்டேன். ஐந்து நிமிடம். சப்பாத்து மணம் இல்லை, ரம்பை இல்லை, கற்பூரம் இல்லை. கொஞ்ச நேரத்தில் பக்கத்து ஆசனத்திலிருந்து உம்மாவின் மணம் வந்தது, நெற்றித் தைலமும் தலைக்கு வைக்கும் எண்ணெயும். இதே மணம் அவளுடைய வாகனத்தில் இப்போது நிறைந்திருக்கும், அது கண்டி வரைக்கும் போய்த் திரும்பி வரும் என்று நினைத்தேன். எனக்கு மாதம் முழுக்கக் கிடைக்கிற மணம்தான், இருந்தும் பொறுக்கவில்லை. காத்தாடிக் காற்றில் அது குறைந்துகொண்டே போனது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. காத்தாடியை நிறுத்தினேன். யன்னல்கள் நான்கும் இறுக மூடியிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, கதவைத் திறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.